அடுக்களைக் கலன்கள்: அறிந்து வாங்குவோம், ஒழுங்குற வைப்போம்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், மலையுச்சிக்கு ஏறும் ஆவலில், அடிவாரத்துக் களஞ்சியங்களைப் பெரும்பாலும் பார்த்தும் பாராமல் போய்விடுகின்றனர். தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட அக்கட்டடங்கள் நெல்லைச் சேர்த்து வைப்பதற்கென்றே எழுப்பப்பட்டவை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை அக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. மதிலும் பீரங்கியும் எத்துணை வலியவாயினும், உள்ளே களஞ்சியம் இல்லையேல் எந்தக் கோட்டையும் நெடுநாள் நில்லாது. 2025 ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கோட்டையை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. அதைக் காணச் செல்வோர் இனியேனும் அக்களஞ்சியங்களின் முன் சற்றே நிற்பாராக.

கோட்டைக்குக் களஞ்சியம் எப்படியோ, இல்லத்துக்கு அடுக்களை அப்படியே. செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நெல்லும் உளுந்தும் மல்லாட்டையும் விளையும் மண் அது. அறுவடையானதும் விற்றது போக எஞ்சியதை ஆண்டு முழுதும் காத்து உண்ண வேண்டிய பொறுப்பு வீட்டுப் பெண்டிர்க்கு உண்டு. அன்று அதற்குக் குதிரும், அடுக்குப் பானையும், உறியும், ஊறுகாய் ஜாடியும் துணை நின்றன. பின்னர்த் தகர டின்னும் எவர்சில்வர் சம்படமும் வந்தன. இன்றோ, எந்த வீட்டு அலமாரியை நோக்கினும் பிளாஸ்டிக் டப்பாக்களே வரிசையாக நிற்கின்றன. விலை மலிவு, எடை குறைவு, கீழே விழுந்தாலும் உடைவதில்லை. ஆகவே அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. எதற்கு எதைக் கொள்வது, எதை எங்கே வைப்பது என்று அறிந்து செய்தல் வேண்டும் என்பதே நாம் இத்திங்கள் எடுத்துரைக்க விழைவது.

மூடியில் பிறந்த புதுமை

பாலித்தீன் என்னும் பொருள் 1933-இல் இங்கிலாந்திலே ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதைக் கொண்டு 1946-இல் அமெரிக்கராகிய எர்ல் டப்பர் என்பார் சமையலறைக் கலன்களை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவருடைய புதுமை கலனில் இல்லை, மூடியில் இருந்தது. பெயின்ட் டின்னின் மூடி இறுகப் பொருந்தும் விதத்தைக் கண்டு, அவ்வமைப்பைத் தலைகீழாக்கிக் காற்றும் நீரும் புகாத மூடியை அவர் செய்தார். கடைகளில் அது விலைபோகவில்லை. இல்லத்தரசியர் தம் வீடுகளில் அண்டை அயலாரை அழைத்து, மூடும் விதத்தைச் செய்து காட்டிய பின்னரே உலகெங்கும் பரவிற்று. 1996-இல் நம் நாட்டிற்கும் வந்தது. அப்பெரு நிறுவனமே 2024-இல் கடன் சுமையால் திவால் மனு அளித்தது என்பது வேறு கதை. நமக்கு வேண்டிய பாடம் இதுவே: கலன் வாங்குவோர் முதலில் மூடியைப் பார்க்க வேண்டும். மூடி தளர்ந்த டப்பா எத்துணை அழகியதாயினும், வண்டுக்கும் எறும்புக்கும் அது சத்திரமே.

அடியில் உள்ள எண்

கலனைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு முக்கோணக் குறியும் அதனுள் 1 முதல் 7 வரை ஓர் எண்ணும் இருக்கும். 1988-இல் அமெரிக்காவில் தோன்றிய இம்முறை, அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்பதைக் காட்டுவது. இவ்வெண் இருப்பதாலேயே அது உணவுக்கு ஏற்றது என்று கொள்ளலாகாது. உணவுக்கு ஏற்றதெனில், கோப்பையும் முட்கரண்டியும் வரைந்த குறியோ, உணவுக்குரியது என்னும் சொல்லோ தனியே பொறிக்கப்பட்டிருக்கும்.

1 என்பது தண்ணீரும் குளிர்பானமும் அடைத்து வரும் புட்டி. ஏறக்குறைய 70 பாகை வெப்பத்திலேயே அது நெகிழத் தொடங்கும். சுடுநீரோ சூடான பாலோ அதில் ஊற்றுதல் கூடாது. 2 என்பது பால் கேன், எண்ணெய்க் கேன் போன்ற கெட்டியான பாலித்தீன். 4 மெல்லிய பாலித்தீன். 5 என்பது பாலிபுரொப்பிலீன். இதுவே நம் அடுக்களைக்கு மிகவும் ஏற்றது. 160 பாகை அளவில்தான் உருகும் ஆதலின், மிதமான சூட்டைத் தாங்கும். பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. 3-உம் 6-உம் உணவைச் சேமித்து வைக்க ஏற்றவையல்ல. 7 என்பது ஏனைய யாவும் அடங்கிய கூட்டம். பளிங்கு போன்ற கெட்டிப் பாலிகார்பனேட்டும் அதனுள் அடங்கும். அதிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ என்னும் வேதிப்பொருள் குறித்த ஐயம் வலுத்ததால், ஐரோப்பிய நாடுகள் 2011-இல் குழந்தைகளின் பால்புட்டிகளில் அதைத் தடுத்தன. நம் நாட்டின் தரநிர்ணய அமைவனமும் 2015-இல் அவ்வழியே சென்றது.

நிறத்தையும் நோக்க வேண்டும். கறுத்த, மங்கிய நிறமுள்ள மலிவுப் பொருள்கள் பல, பலவகைப் பழைய பிளாஸ்டிக்கைக் கூட்டி உருக்கி வார்த்தவை. மூலப்பொருளில் என்ன இருந்தது என்று எவர் அறிவார்? பழைய துணிக்கும் பழைய இரும்புக்கும் மாற்றாகத் தெருவில் கிடைக்கும் கூடையும் முறமும் குப்பை அள்ளவும் துணி துவைக்கவும் உதவட்டும். அரிசிக்கும் மாவுக்கும் அவை வேண்டா.

எதில் எதை வைக்கலாகாது?

சூடு, புளிப்பு, எண்ணெய் ஆகிய மூன்றும் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாதவற்றை உணவுக்குள் இழுப்பவை. ஒரு கிலோ உணவில் 60 மில்லிகிராமுக்கு மேல் இவ்வாறு கசியலாகாது என்று நம் நாட்டின் 2018-ஆம் ஆண்டு விதிகள் எல்லை வகுத்துள்ளன. எனவே ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் பாட்டியர் வைத்திருந்த பீங்கான் ஜாடியே இன்றும் சிறந்தது. உப்பும் புளியும் அதிலேயே இருக்கட்டும். கொதிக்கும் குழம்பைப் பாலித்தீன் பையில் ஊற்றி முடிச்சிட்டு வாங்கி வரும் வழக்கத்தை அறவே கைவிடல் வேண்டும். தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்தே உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கைப்பை உள்ளிட்ட 14 வகைப் பொருள்களைத் தடை செய்துள்ளது. அமாவாசைதோறும் மேல்மலையனூருக்குப் பேருந்துகளில் வந்து குவியும் மக்களைப் பாருங்கள். கட்டுச்சோற்றை எவர்சில்வர் தூக்கில் கொண்டு வருவோர்க்குக் கையில் சிறிது சுமைதான். ஆயினும் உண்டபின் தெருவில் எறிய அவர்களிடம் ஏதும் இல்லை.

இவை யாவும் மெல்ல விளையும் தீங்குகள். ஒரே நாளில் உயிரைப் பறிக்கும் தீங்கும் ஒன்று உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் மதிய உணவுண்ட குழந்தைகளுள் 23 பேர் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்ததை ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. பூச்சிமருந்து இருந்த கலனில் எண்ணெயை வைத்ததே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்தத் தாய்மாரின் கண்ணீரை நம்மால் துடைக்க இயலாது. அதனின்றும் கற்றுக்கொள்ள இயலும்.

உழவர் இல்லங்களுக்கு இதனை அழுத்திச் சொல்கிறோம். பூச்சிமருந்துக் கேன் எத்துணை உறுதியாக இருப்பினும், எத்தனை முறை கழுவினும், அது வீட்டுக்குள் வரலாகாது. மருந்தைப் பிளாஸ்டிக் உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னர் மெல்ல வெளிவிடும் தன்மையுடையது. காலியான கேனை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கேனை ஓட்டையிட்டு எவருக்கும் பயன்படாதபடி செய்துவிடுதல் வேண்டும். அதைவிடக் கொடியது, மிஞ்சிய மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாடத்தில் வைப்பது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்குப் புட்டியின் வடிவம் தெரியுமேயன்றி, உள்ளிருப்பது தெரியுமோ? பெயின்ட் வாளியில் அரிசி கொட்டி வைப்போரும் இதனைச் சிந்திப்பாராக.

காற்றுப் புகாமை வரமா, சாபமா?

மண் குதிருக்கு ஒரு குணம் இருந்தது. அது சிறிது ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டது. பிளாஸ்டிக் டப்பாவோ உள்ளே இருப்பதை அப்படியே சிறை வைக்கும். உலர்ந்ததை வைத்தால் உலர்ந்தே இருக்கும்; ஈரத்தோடு வைத்தால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். இவ்வுண்மையை அறியாமையால் வீணாகும் பண்டம் கொஞ்சமன்று.

மல்லாட்டை விளையும் ஊர்களில் இது உயிர் காக்கும் செய்தியுமாகும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. ஆராய்ந்ததில், பிரேசில் நாட்டினின்று வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சு இருந்தது தெரிந்தது. அபிளாடாக்சின் என்று பெயரிடப்பட்ட அந்நஞ்சு கல்லீரலைக் கெடுத்து, நாளடைவில் புற்றுநோயையும் விளைவிக்க வல்லது. வறுத்தாலும் அவித்தாலும் அது முற்றிலும் அழிவதில்லை. எனவே மல்லாட்டையைக் குலுக்கினால் உள்ளிருக்கும் பருப்பு கலகலவென ஒலிக்கும் வரை வெயிலில் காய வைத்து, சூடு ஆறிய பின்னரே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்நீரே பூஞ்சைக்கு வித்தாகும். சுருங்கியதும், நிறம் மாறியதும், பூஞ்சை படர்ந்ததுமான பருப்பைத் தயங்காமல் எறிக. அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போடுவதும் தவறே.

அளவும் அடுக்கும்

டப்பா வாங்குமுன் வீட்டுக்கு வரும் பொருளின் அளவை எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய 1¼ லிட்டர் இடம் வேண்டும். துவரம் பருப்புக்கும் சர்க்கரைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. கோதுமை மாவுக்கு 1¾ லிட்டர் தேவை. நியாயவிலைக் கடையில் திங்களுக்கு 20 கிலோ அரிசி வாங்கும் குடும்பத்துக்கு 25 லிட்டர்க் கலன் ஒன்றைவிட, 13 லிட்டர்க் கலன் இரண்டே மேல். ஒன்று முற்றும் காலியாகி, கழுவிக் காயும்போது மற்றொன்று பயன்படும். பழைய அரிசியின் மேலேயே புதியதைக் கொட்டிக்கொண்டே போனால், அடியில் தங்கிய வண்டு புதியதையும் பற்றிக்கொள்ளும் அன்றோ?

சதுரக் கலன்கள் இடுக்கின்றி நெருங்கி நிற்பதால் சிற்றடுக்களைக்கு ஏற்றவை. ஒரே வகையில் வாங்கினால் மூடிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும். உள்ளிருப்பது தெரியும் கலன் நன்று. ஆயினும் அதை வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். கனமானவை கீழ்த்தட்டில், நாளும் எடுப்பவை கைக்கு எட்டும் தட்டில், எப்போதேனும் எடுப்பவை மேலே என்பது எளிய விதி. அடுப்பின் அருகிலும் அதற்கு நேர் மேலேயும் பிளாஸ்டிக் எதுவும் வேண்டா. மண்ணெண்ணெயும் சோப்பும் உணவுப் பண்டங்களோடு ஒரே அலமாரியில் இருத்தல் தகாது. பிளாஸ்டிக் வாசனையை எளிதில் ஈர்க்கும். கம்பிநாரால் தேய்த்தால் கீறல் விழும். கீறலில் அழுக்கும் கிருமியும் தங்கும். மெல்லிய துணியே போதும். வெடித்ததும், பிசுபிசுப்பு நீங்காததுமான கலனுக்கு விடை கொடுத்துவிடுங்கள்; விதை நெல்லோ உணவோ அல்லாத ஆணி, நூல், பொத்தான் போன்றவற்றை இட்டு வைக்க அது உதவும்.

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு டப்பாவின் மீதும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, உள்ளிருக்கும் பொருளின் பெயரையும் நிரப்பிய திங்களையும் எழுதி வையுங்கள். இது நினைவாற்றல் குறைந்தோர்க்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்கள் பலவற்றில், எந்தச் சம்படத்தில் எது உள்ளது என்பதை அறிந்தவர் ஒருவரே; அவர் அந்த இல்லத்துத் தாய். அவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால், நிறைந்த டப்பாக்களின் நடுவே நின்றுகொண்டு கணவர் ஓட்டலைத் தேடுகிறார். படுத்தவருக்கு ஒரு குவளைக் கஞ்சி வைக்க ஆளில்லை. "உப்பு எங்கே? நொய் எங்கே?" என்று நோயாளியையே எழுப்பிக் கேட்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அடுக்களை ஒருவர்க்கு மட்டும் உரிய சிறைக்கூடமாக இருத்தல் ஆகாது. அங்குள்ள ஒழுங்கு, கணவரும் பிள்ளைகளும் கண்டு, எடுத்து, சமைத்து, மீண்டும் உரிய இடத்தில் வைக்கக்கூடிய ஒழுங்காக இருத்தல் வேண்டும்.

வரும் ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குடும்பத்தார் யாவரும் கூடி அலமாரியைக் காலி செய்து, கலன்களைக் கவிழ்த்து எண்ணைப் பார்த்து, வேண்டாதவற்றைக் கழித்து, வேண்டுவனவற்றுக்குப் பெயர் எழுதுங்கள். எழுதும் பணியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். தம் கையால் பெயரெழுதிய டப்பாவை அவர்கள் தவறான இடத்தில் வைக்கமாட்டார்கள்.