ரெண்டு பக்கம்தான் எழுதுவோம்

நம்மாட்கள் எழுதுகிற ரெண்டு பக்க நினைவுகளுக்கு இலக்கிய உலகத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'கச்சாப்பொருள்'. அருமையான கச்சாப்பொருள், இதை வைத்து ஒரு நாவலே எழுதிவிடலாம் என்பார்கள். பாராட்டுகிற தொனியில்தான் சொல்வார்கள். கேட்க நமக்கும் கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் இது பழைய கணக்கு. நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, களத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறவரை நாம். அதற்கப்புறம் அந்த நெல்லுக்குப் பேர் வைக்கிறவர், விலை வைக்கிறவர் எல்லாம் வேறு ஆள்.

நான் விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனியில் பெண்களோடு உட்கார்ந்து இப்படிப்பட்ட நினைவுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். தெரியாதவர்கள் பேசப்பேச செல்போனில் பதிந்து பேத்திகள் எழுதித் தருகிறார்கள். பள்ளிக்கூட நோட்டில் ரெண்டு பக்கம், மிஞ்சினால் மூணு. வேலைக்குப் போய் வந்து, அடுப்புப் பத்தவைத்து, எல்லாருக்கும் போட்டு முடித்து எழுதுகிறவர்களுக்கு அவ்வளவுதான் நேரம். அது எழுத்தின் குறை இல்லை. எங்களிடம் இருக்கிற பொழுதின் அளவு அது.

எழுபது வயது தாண்டிய ஒரு ஆயா சொன்னதை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன். அவளுக்குப் பத்து வயசு இருக்கும்போது அறுவடைக் கூலியை நெல்லாகத்தான் கொடுப்பார்கள். ஆண்டை வீட்டில் ரெண்டு மரக்கா இருந்ததாம். வாங்குகிற மரக்கா ஒண்ணு, கொடுக்கிற மரக்கா ஒண்ணு. வெளியே பார்க்க ரெண்டும் ஒரே உசரம்தான். கொடுக்கிற மரக்காலுக்குள் மட்டும் அடியில் ஒரு பலகை வைத்து அடித்திருந்தது. இவள் அம்மா கூலி நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தகர டப்பாவால் திருப்பித் திருப்பி அளந்து பார்த்திருக்கிறாள். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கட்டுத் தூக்கும்போது கதிரை ரெண்டு கை உருவி மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். 'அது திருட்டு இல்ல. கொறைஞ்சத எடுத்துக்கினா' என்று சொல்லி நிறுத்திவிட்டாள் ஆயா.

இதை ஒரு இலக்கிய இதழுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தது. கூடவே நாலு வரிக் கடிதம்: இது கதையாக வளரவில்லை, தாயின் உளப்போராட்டம் காட்டப்படவில்லை, முடிவு இல்லை, விரித்து எழுதி அனுப்பினால் பரிசீலிக்கலாம். ஆயாவிடம் படித்துக் காட்டினேன். 'அவ்ளோதான் நடந்துச்சு. இன்னும் இன்னா வேணுமாம் அவங்களுக்கு?' என்று கேட்டாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். இன்னும் என்ன வேண்டும்? கூலி அளவில் நடந்த மோசடி, அதைக் கண்டுபிடித்த ஒரு கைநாட்டுப் பெண்ணின் கணக்கு, அவள் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சட்டம், எல்லாம் அதில் இருக்கிறது. உளப்போராட்டம் இல்லை என்பது உண்மைதான். மடியில் நெல் முடிகிறபோது அவளுக்குக் கைதான் நடுங்கியிருக்கும், பிடிபட்டால் அடி விழும் என்று. மனசு எதற்குப் போராட வேண்டும்?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். வகுப்பில் தன்வரலாறு என்றாலே உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'தான். 1940இலிருந்து 1942வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 122 அத்தியாயம். பெரிய நூல், அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. அதில் சுவடி தேடிய கதை மட்டுமா இருக்கிறது? யார் வீட்டில் சாப்பிட்டார், யார் ஆதரித்தார், எந்த ஊருக்கு எப்படிப் போனார், எல்லாம் இருக்கிறது. அதை யாரும் 'வெறும் குறிப்பு' என்று சொல்லவில்லை. அது பண்பாட்டு ஆவணம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நூல் முடியவே இல்லை. 1942இல் அவர் இறந்துபோனார், தொடர் பாதியில் நின்றது. முடிவு இல்லையே என்று எந்த விமர்சகரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. முடிவில்லாமல் நிற்கிற உரிமை சிலருக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது போல.

அந்தத் தொடர் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1939இல், ரெட்டமலை சீனிவாசன் தன் வாழ்க்கையை ஒரு சின்ன நூலாக வெளியிட்டார். 1893இலேயே 'பறையன்' என்று பேர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர், அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். அவருக்கா சொல்ல விஷயம் இல்லை? நூலுக்கு அவர் வைத்த பேர் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. சுருக்கம் என்றே வைத்தார். என் வகுப்பில் ஐந்து வருஷமும் இந்தப் பேரை ஒருவரும் உச்சரிக்கவில்லை. பட்டம் வாங்கி வெளியே வந்த பிறகு ஒரு தோழர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதியில்தான் நான் இதைப் படித்தேன்.

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அவர் கைப்பட எழுதி வைத்திருந்தது என்ன? ஆறே ஆறு துண்டு நினைவுகள். 1930களில் எழுதியது, 1990இல்தான் சிறு நூலாக வந்தது. நாலு நினைவு அவருடையது, ரெண்டு மற்றவர்களுக்கு நடந்தது. முதல் நினைவில் 1901இல் கோரேகாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகள் ரயிலில் போகிறார்கள். மசூர் நிலையத்தில் இறங்கி, மகார் என்று சொன்னவுடன் வண்டிக்காரர் எவரும் ஏற்றமாட்டேன் என்கிறார்கள். ரெட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். கூடையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லை, பட்டினியாகப் படுக்கிறார்கள். இதை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். ஆனால் அந்த நினைவு இதில் தொடங்கவில்லை. பயணத்துக்கென்று தைத்த புதுச் சட்டை, மினுமினுக்கிற தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி, அதைப் போட்டுக்கொண்ட பிள்ளைகளின் குதியாட்டம், அதில் தொடங்குகிறது. அரசியல் சட்டத்தை வரையப்போகிற அந்த மனிதர், நாற்பதைத் தாண்டிய வயதில், தொப்பியின் மினுக்கைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார். மேடையில் நாம் தொப்பியை விட்டுவிடுகிறோம்.

இங்கேதான் நம்ம தோழர்களோடு எனக்குச் சண்டை. இலக்கியக்காரர்கள் 'முடிவு எங்கே' என்று கேட்டால் நம்மாட்கள் 'கொடுமை எங்கே' என்று கேட்கிறார்கள். முதல் மழைக்கு ஈசல் பிடித்து வறுத்துத் தின்றதை ஒரு பெண் எழுதிவந்தாள். விளக்கு வைத்த இடம், பழந்துணியில் ஈசலை வாரிய விதம், அரிசியோடு சேர்த்து வறுத்த வாசனை, எல்லாம் அப்படி எழுதியிருந்தாள். கூட்டத்துக்கு வந்த தோழர் ஒருவர் படித்துவிட்டு, 'இதுல சாதி எங்கம்மா வருது?' என்றார். அவள் நோட்டை மூடிவிட்டாள். அடுத்த ரெண்டு மாசம் அவள் வரவில்லை. ஐயா, அவள் தின்றதை எழுதும்போதே சாதி வந்துவிட்டது. அதை எழுதக் கூச்சப்படாமல் எழுதினாளே, அங்கே சாதிக்குப் பதிலும் வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது செருப்பால் அடி வாங்கினால்தான் அது தலித் எழுத்தா? அடித்தவன்தான் நம் வாழ்க்கையின் கதாநாயகனா?

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்ததிலிருந்து அதில் ஒரு காட்சியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். தெருவில் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கருக்குக் கொடுக்கிற காட்சி. சரி. ஆனால் அந்தச் சிறுமி அந்த நேரத்தில் ஏன் தெருவில் இருந்தாள்? பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற பத்து நிமிஷ வழியில் குரங்காட்டம், பாம்பாட்டி என்று ஒன்று விடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தாள். பொட்டலத்தைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வேடிக்கை பார்க்கிற கண் இருந்ததால்தான் பொட்டலமும் கண்ணில் பட்டது.

தொண்டு நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தோடு வருவார்கள். பெயர், வயது, உட்பிரிவு, பாதிப்பின் தன்மை, தேவைப்படும் உதவி. அந்தக் கட்டத்துக்குள் மரக்காலும் ஈசலும் அடங்காது.

ஆனால் படிவத்தை விட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது, காவல் நிலையம். நம் மக்களின் வாழ்க்கையை அரசு எழுதி வாங்குகிற இடம் அது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. பாதிக்கப்பட்டவர் வாயால் சொன்னால் நிலையப் பொறுப்பாளர் அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு நகலைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நடப்பது என்ன? எழுதுகிறவர் கையில் வாக்கியம் ஏற்கனவே தயாராக இருக்கும்: 'மேற்படி நபர் என்னை சாதிப் பெயரைச் சொல்லி ஆபாசமாகத் திட்டி...' என்ன சொல் சொன்னான், எங்கே நின்று சொன்னான், பக்கத்தில் யார் நின்றார்கள், எல்லாம் கரைந்துபோகும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது சரியாக அந்தக் கரைந்துபோன விவரங்களைத்தான்.

எங்கள் கூட்டத்துக்கு வருகிற ஒரு பெண் அப்படி ஒரு நாள் புகார் கொடுக்கப் போனாள். வாசித்துக் காட்டினார்கள். 'சார், நான் அப்டி சொல்லல. குடத்த எறக்கி வச்சிட்டு நிமுந்தப்பதான் சொன்னான். பைப்புகிட்ட இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க. அதயும் எழுதுங்க' என்றிருக்கிறாள். எழுதுகிறவர் எரிச்சல்பட்டிருக்கிறார். இவள் கையெழுத்துப் போடாமல் நின்றிருக்கிறாள். கடைசியில் எழுதினார்கள். ஒரு வருஷமாக ரெண்டு பக்கம் ரெண்டு பக்கமாக எழுதிப் பழகிய கை அது. எது எதற்குப் பிறகு நடந்தது, எது தன் சொல், எது அடுத்தவன் சொல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'வெறும் குறிப்பு' என்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்து சொல்லட்டும்.

மொழி விஷயத்தில் பேத்திகளோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆயா 'போனேன்' என்று பேசியதை எழுதும்போது 'சென்றேன்' ஆக்கிவிடுகிறார்கள். 'இட்டாந்தேன்' என்பது 'அழைத்து வந்தேன்' ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த வெட்கம். தொல்காப்பியப் பாயிரம் மொழிக்கு மூலமாகச் சொல்வது ரெண்டு, வழக்கும் செய்யுளும். வழக்கைத்தான் முதலில் சொல்கிறது. எங்கள் பேராசிரியர்கள் அந்தப் பாயிரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நாங்கள் 'இன்னா சார்' என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும்.

ஊர்ப்பேர், ஆள்பேர் போடலாமா என்று கேட்கிறார்கள். ஆண்டை வீட்டுப் பேரன்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் நிலத்தைத் தாண்டித்தான் நம் சுடுகாட்டுக்கு வழி. இதற்குப் பொதுவான பதில் என்னிடம் இல்லை. சொன்னவள் அந்த ஊரில் குடியிருக்கிறவரை முடிவு அவளுடையது என்று வைத்திருக்கிறோம். பேரை மாற்றலாம், மரக்காலின் பலகையை எடுக்கக் கூடாது. நம் வீட்டு ஆண்கள் குடித்துவிட்டு அடித்ததும் நோட்டில் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடச் சொல்லி ரெண்டு அண்ணன்மார்கள் வந்து பேசினார்கள். எழுதினவளிடமே கேட்டோம். இருக்கட்டும் என்றாள். இருக்கிறது.

இதுவரை நாற்பத்தொரு நினைவுகள் சேர்ந்திருக்கின்றன. யாருக்கும் விரித்து எழுதிக் கொடுப்பதாக இல்லை. நாங்களே காசு போட்டு அச்சடிக்கிறோம். நாற்பத்தொன்றாவது, எழவு சேதி சொல்ல ராத்திரியில் ஊர் ஊராக நடந்த தன் அப்பனைப் பற்றி ஒரு ஆயா சொல்லிக்கொண்டிருந்தது. மூணாவது ஊருக்குப் போகிற வழியில் ஏரிக்கரைமேல் அப்பன் உட்கார்ந்து பீடி பத்தவைக்கிற இடத்தில், 'மீதிய நாளைக்கு சொல்றேன்டி' என்று எழுந்துபோனாள். போன மார்கழியில் இறந்துவிட்டாள். அந்தப் பக்கம் பீடியோடு அப்படியே அச்சுக்குப் போகிறது.