பார்வையாளர் வரிசை போதாது

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடந்துவருகிறது. பாட்டு, நடனம், ஓவியத்தோடு நாடகமும் அதில் உண்டு. வடசென்னையில் திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் ஆலைத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகள் கட்டணமில்லாமல் மேடையேறக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு இது. மாற்றுத்திறனாளி மாணவர்களும் இதில் நடிக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராக ஓரமாக நிறுத்திவைப்பது நடிப்பாகாது. வசனமும் பாத்திரமும் அவர்களுக்கும் வேண்டும்.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 29ஆம் பிரிவு, கலை வகுப்புகளில் அவர்கள் பங்கேற்க வழிசெய்யச் சொல்வதோடு, கலைப் பாடங்களையே அதற்கேற்ப மாற்றி அமைக்கவும் சொல்கிறது.

ஆசிரியர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. குறித்த நிமிடத்துக்குள் நாடகம் முடிய வேண்டும். ஒரு மாணவர் தடுமாறினால் மொத்தக் குழுவும் பரிசை இழக்கலாம். அப்படியானால் திருத்த வேண்டியது போட்டி விதிகளை. கூடுதல் நேரம் கொடுக்கலாம். சைகைமொழி பெயர்ப்பாளரோ துணையாளரோ மேடையில் நின்றால் மதிப்பெண் குறையாது என்று எழுதிவைக்கலாம். தனிப் போட்டி வைத்தால் போதாதா என்பார்கள். அதில் பரிசு கிடைக்கும், வகுப்புத் தோழரோடு சேர்ந்து நடிக்கக் கிடைக்காது. எதிரில் இருப்பவருக்காகக் காத்திருந்து பேசப் பழகுவதுதானே நாடகம்?

தேவையான உதவிகளில் பல செலவில்லாதவை. பார்வையற்ற மாணவருக்கு வசனத்தை முன்கூட்டியே கைப்பேசியில் பதிந்து கொடுக்கலாம்; மேடை விளிம்புக்கு முன்பாகக் கயிற்றுப்பாய் விரித்தால் எல்லையைக் கால் உணரும். காது கேளாதவருக்கு ஒலிக்குப் பதில் விளக்கோ சக நடிகரின் தொடுதலோ குறிப்பாகட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒத்திகையின் வரிசையை முன்பே சொல்லி, இரைச்சல் தாங்காதபோது வெளியே போய்வர விடலாம். பணம் தேவைப்படுவது சாய்தளத்துக்கும் சைகைமொழி பெயர்ப்பாளருக்கும். 2021இல் இங்கே விம்கோ நகர் வரை வந்த சென்னை மெட்ரோவின் நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. விமான நிலையம் வரை சக்கர நாற்காலியில் போகமுடிகிற மாணவரைப் பள்ளி மேடையின் நான்கு படிகள் தடுக்கலாமா?

பிற நாடுகளில் இது நடந்துவருவதுதான். இலங்கையில் சுனேரா அறக்கட்டளை 2000இலிருந்து மாற்றுத்திறனாளி இளைஞர்களை மேடையேற்றிவருகிறது. சக்கர நாற்காலியில் நடித்த ஆலி ஸ்ட்ரோக்கர் 2019இல் அமெரிக்காவின் டோனி நாடக விருதை வென்றார்.

இங்கோ, 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேசவந்த ஒருவர், உடற்குறைக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்றார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து தட்டிக்கேட்டார். அந்த எண்ணம் நம் கதைகளிலும் ஊறியது. மனைவி சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் கொடுத்த, பிரியேன் என்ற சத்தியத்தை மீறிய சுந்தரமூர்த்தி நாயனார் பார்வை இழந்ததை ஒற்றியூர் இன்றும் தண்டனையாகவே நினைவுகூர்கிறது. அதே கதையில் திருவெண்பாக்கத்தில் அவருக்கு முதலில் கிடைத்தது ஊன்றுகோல். பார்வை பிறகுதான் திரும்பியது. கோலூன்றி அவர் பயணத்தைத் தொடர்ந்தார். பள்ளிகள் எடுத்துக்கொள்ள வேண்டியது கதையின் இந்தப் பகுதியை.

கல்வித் துறையும் சென்னை மாநகராட்சியும் திருவொற்றியூர் மண்டலத்திலிருந்தே தொடங்கட்டும். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர்கள் நாடக ஒத்திகைக்கும் வருவது அவர்களின் பணியில் சேர வேண்டும். போட்டி நடக்கும் மேடைகளுக்குச் சாய்தளம் கட்டாயமாக வேண்டும். கூடுதல் நேரமும் துணையாளர் அனுமதியும் அடுத்த கலைத் திருவிழாவின் விதிமுறையில் எழுத்தில் இடம்பெற வேண்டும். தலைமையாசிரியரின் நல்ல மனதை நம்பி மட்டும் ஒரு மாணவரின் உரிமை இருக்கக் கூடாது.