பாலமாகி நின்ற பள்ளி

‘பள்ளி’ என்னும் தமிழ்ச்சொல் உறங்கும் இடத்தையும் வழிபாட்டிடத்தையும் கல்விச்சாலையையும் குறிக்கும். மூன்றுக்கும் அமைதியே பொது எனக் கருதினோமோ என்னவோ, குழந்தைகளுக்கு நாம் எழுப்பும் பள்ளிகளில் விளையாட்டிற்கு இடம் வைக்க மறந்துவிடுகின்றோம். வரிசையாக அறைகள், முன்னே ஒரு தாழ்வாரம், சுற்றிலும் மதில். பணி முடிந்தது என்கின்றோம். விளையாட்டோ மணியடித்தபின் வெளியே நிகழ வேண்டியதாகிவிடுகின்றது.

இப்போக்கினைச் சீனத்து மலைச் சிற்றூர் ஒன்று மறுத்துரைக்கின்றது. ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்த சியாஷி என்பது அவ்வூர். அங்கே ஓடையின் இருகரையிலும் ‘துலோ’ எனப்படும் பழைய கோட்டைவீடுகள் இரண்டு உள்ளன. ஒரு குலத்தார் அனைவரும் ஒரே தடித்த மண்சுவருக்குள் கூடிவாழ்வதற்கென எழுந்த வீட்டுவகை அது. அவ்விரு குலத்தாரும் முன்னாளில் பகைத்திருந்தனர் என்பது ஊரார் வழங்கும் கதை.

2009ஆம் ஆண்டில் கட்டடக்கலைஞர் லீ சியாவ்துங் அவ்வூரில் ஒரு பள்ளியை நிறைவேற்றினார். அவர் கரையில் இடம் தேடவில்லை. ஏறத்தாழ 10 மீட்டர் கீழே ஓடும் ஓடைக்கு மேல், கரைக்குக் கரை எஃகுச் சட்டங்களை நீட்டி, அவற்றின் இடையே இரண்டு வகுப்பறைகளை அமைத்தார். அதன் அடியில் ஊரார் நடந்து செல்லத் தொங்குபாலம். ஊர் முழுமைக்கும் பொதுவாக ஒரு நூலகம். கட்டடத்தின் முனைகளைத் திறந்தால் அவையே நாடக மேடையாகவும் ஆடுகளமாகவும் மாறும். 2010இல் ஆகா கான் கட்டடக்கலை விருது இதற்குக் கிடைத்தது.

பகைக்கு எல்லையென நின்ற ஓடையின் மேல் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு, ஒற்றுமையைப் பற்றித் தனிப்பாடம் எதற்கு? கட்டடமே அன்றோ ஆசிரியர்!

நல்லாசிரியர் மரத்தடியிலும் கற்பிப்பார் எனச் சான்றோர் கூறலாம். உண்மையே. ஆயினும் மரத்தடியில் காற்று உண்டு, நிழல் உண்டு, ஏறி விளையாடக் கிளையும் உண்டு. மூடிய அறையில் அவற்றுள் எது உண்டு? பொருள்வளம் இல்லையே என்பாரும் உளர். சியாஷிப் பள்ளியிலும் வகுப்பறைகள் இரண்டே; அங்கே பெரிதாக இருந்தது கட்டடம் அன்று, குழந்தையைப் பற்றிய எண்ணமே.

ஆதலின், பள்ளி எழுப்பப் பொருள் வழங்கும் பெருமக்களுக்கும் அதனை நடத்தும் நமக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. வரைபடத்தை விரித்தவுடன் எத்தனை அறைகள் என எண்ணுகின்றோம். அதற்கு முன்னர், குழந்தை எங்கே ஓடும், எங்கே ஒளியும், எந்தச் சாளரத்தின் வழியே எதை எட்டிப் பார்க்கும் என வினவுவோமாக.