பால்கனியில் தொங்குவது பாதுகாப்பு அன்று

களப்பயணம் முடிந்து திரும்பும் பேருந்தின் பின்னிருக்கையில், பாசி ஒட்டிய கிளைத்துண்டுகள் சில ஈரச்சாக்கில் சுற்றிக் கிடக்கும். அவை உலர்தாவரச் சாலைக்கான மாதிரிகள் அல்ல. பேராசிரியர் வீட்டுப் பால்கனிக்கும் மாணவர் விடுதிச் சன்னலுக்கும் போகும் ஆர்க்கிடுகள். ‘காட்டில் இருந்தால் அழிந்துவிடும், நம்மிடம் பிழைக்கும்’ என்பது நாம் சொல்லிக்கொள்ளும் நியாயம். முதுகலை மாணவனாக இருந்தபோது நானும் காசி மலையிலிருந்து ஒன்றைக் கொணர்ந்தேன். மண்தொட்டியில் நட்டு நாள்தோறும் நீர் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் வேர் அழுகி இறந்தது. ஆகவே இப்பதிவின் முதல் குற்றவாளி நானே.

1850இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் இதே காசி மலையில் நீல வாண்டாவை ஏழு ஆள் சுமை அளவுக்குக் கியூ தோட்டத்திற்காகச் சேகரித்தார். உயிருடன் இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சில என்பதை அவரே தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். வகுப்பறையில் இதைக் காலனியச் சூறையாடல் என்று கண்டிக்கும் நாம், பயணப்பையில் அதையே சிறிய அளவில் செய்கிறோம்.

‘ஒரு செடிதானே’ என்பவர்கள் பாடநூலை மீண்டும் புரட்டட்டும். ஆர்க்கிட் விதைக்கு முளைசூழ்தசை இல்லை. உரிய பூஞ்சை துணை நின்றாலன்றிக் காட்டில் அது முளைக்காது. தூசி போன்ற விதைகள் எண்ணற்றவை. அவற்றுள் மரமாகிய இல்லத்தில் வேரூன்றிப் பூக்கும் பருவம் எய்துபவை அரியவை. நாம் பறிப்பது அவ்வாறு பிழைத்த தாய்ச்செடியை. மகரந்தம் சுமக்கும் பூச்சியும் பூஞ்சையும் இல்லாத பால்கனியில் அது பூத்தாலும், தன் இனத்தைப் பொறுத்தவரை இறந்த செடியே.

அப்படியானால் வீட்டில் ஆர்க்கிட் வளர்க்கவே கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். பூஞ்சையின்றிச் சர்க்கரை ஊடகத்தில் விதை முளைக்கும் என்பதை லூயிஸ் நட்சன் 1922இலேயே காட்டிவிட்டார். நீல வாண்டா நாற்றங்கால்களில் பெருகியதும் ஒரு காரணமாகவே, 2004ஆம் ஆண்டு சைட்டிஸ் மாநாடு அதனை முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு மாற்றியது. நம் நாட்டிலோ அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தாவரம். காட்டிலிருந்து எடுப்பது குற்றம், வளர்ப்பதற்கும் உரிமம் வேண்டும். குளிர்ந்த மலை இரவுகளுக்குப் பழகிய அச்செடி சமவெளி வெக்கையில் வாடவும் செய்யும். வீட்டுக்கு ஏற்றவை அதன் வழிவந்த நாற்றங்கால் கலப்பினங்களே.

அவற்றுக்கு மண் வேண்டா. மரச்சட்டக் கூடையில் கரித்துண்டுகளிட்டு, காற்றோட்டமும் வடிகட்டிய வெளிச்சமும் உள்ள இடத்தில் தொங்கவிடுங்கள். வெள்ளிச் சாம்பல் நிற வேர் பசுமையாகும்வரை காலையில் நனையுங்கள். மாலைக்குள் உலர வேண்டும். வாங்கும்போது வேரைப் பாருங்கள். மரப்பட்டையும் பாசியும் ஒட்டி, வேர்கள் முறிந்து, இலைகளில் பூச்சி அரித்த தழும்புகள் இருந்தால் அது பெரும்பாலும் காட்டிலிருந்து பிடுங்கியது. விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அனுமதி எண் இல்லாத எந்த உயிர்ச்செடியும் பேருந்தில் ஏறக் கூடாது என்பதை அடுத்த களப்பயணத்திற்கு முன் எழுத்தில் விதியாக்குங்கள். அவ்விதி பேராசிரியரின் பைக்கும் பொருந்தட்டும்.