கண் தாவிய வரி

கடந்த திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமை. காலைத் திருப்பலியில் எசாயா நூலின் 40ஆம் அதிகாரத்தை வாசித்த கல்லூரி மாணவி, புல்லும் பூவும் வாடுவதைச் சொல்லுமிடத்தில் சில வரிகளை விட்டுவிட்டாள். திருப்பலி முடிந்ததும் கலங்கிய கண்களுடன் வந்தாள். "சாமி, அடுத்தடுத்த இரண்டு வசனங்களும் ஒரே சொற்களில் தொடங்குகின்றன. கண் தாவிவிட்டது" என்றாள். தேற்றி அனுப்ப முயன்றேன், அவள் விடவில்லை. "அச்சிட்டதை வாசிக்கும் எனக்கே இப்படியென்றால், கையால் பார்த்தெழுதியவர்கள் எத்தனை வரிகளை விட்டிருப்பார்கள்? நாம் வாசிப்பது முழுமையானதுதானா?"

அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வியை அவிசுவாசமெனத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. வியப்பு யாதெனில், அவள் தடுமாறிய அதே இடத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் தடுமாறியிருக்கிறார்.

1947ஆம் ஆண்டில் சாக்கடலருகே கும்ரான் குகையொன்றில் ஆடு மேய்ப்போர் கண்டெடுத்தவற்றுள் எசாயா நூல் முழுவதும் அடங்கிய தோற்சுருள் ஒன்று உண்டு. 17 தோல் துண்டுகளைத் தைத்து இணைத்தது, நீளம் 7 மீட்டருக்குச் சற்று மேல், 54 பத்திகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்பர். அதிலே, புல் உலர்வதை ஒருமுறை எழுதிய எழுத்தரின் கண் அதே சொற்கள் மீண்டும் வருமிடத்துக்குத் தாவிவிட, இடையிலிருந்தவை விடுபட்டன. பின்னர் வேறொரு கை அவற்றை வரிகளுக்கு மேலும், இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதிச் சேர்த்துள்ளது. ஆண்டவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் நான்கு புள்ளிகள் மட்டுமே உள்ளன. திருத்தும்போதும் அப்பெயரை எழுதக் கூசிய கை அது!

பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய எழுபதின்மர் நூலிலும் இவ்வரிகள் இல்லை. ஆதலால் இவை தொடக்கத்திலேயே இருந்தனவா, பின்னர் ஒருவர் சேர்த்த விளக்கமா என்று வாதிடும் அறிஞரும் உளர். எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்த புனித எரோணிமுஸ் இவற்றைச் சேர்த்தே எழுதினார். பிற்கால யூத மறைநூல் காப்போர், கண் தாவும் என்பதை அறிந்தே, சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணிக் குறித்தனர். 1008ஆம் ஆண்டில் எழுதப்பட்ட லெனின்கிராடு சுவடியிலும் இவ்வரிகள் உள்ளன. சுருளுக்கும் அச்சுவடிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். எழுத்துக்கூட்டலிலும் சிறு சொற்களிலும் வேறுபாடுகள் ஏராளம்; எனினும் நூல் அதே நூல்தான்.

அச்சு வந்தபின் பிழை ஒழிந்ததா? 1631இல் இலண்டனில் அச்சான ஆங்கில விவிலியமொன்றில், நாம் ஆறாம் கட்டளையென எண்ணுமிடத்தில் ஒரு சிறு மறுப்புச் சொல் விடுபட்டு, விபசாரம் செய்யும்படி ஆண்டவரே பணித்ததாயிற்று! அச்சிட்டோருக்கு 300 பவுன் தண்டம்.

மாணவிக்கு நான் மழுப்பலாக விடை கூறவில்லை. பிழை நேர்ந்தது; படிகள் பல இருந்தமையால் ஒன்றையொன்று ஒப்பிட்டு அதைக் காண முடிந்தது என்றேன். என்னிடமிருந்த நூலொன்றில் அப்பத்தியின் புகைப்படத்தைக் காட்டினேன். ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் அவ்வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை வாசிக்க வந்தபோது அவள் கையில் ஓர் அளவுகோல் இருந்தது.