திரைக்குப் பின்னால ஒரு டைரக்டர்

சின்ன வயசுல எங்க நாரணாபுரத்துல தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கேன். நல்லதங்காள் கதை. வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரம்தானே அவ பொறந்த ஊரு! ஏழு பிள்ளைகளையும் கிணத்துல போடுற கட்டத்துல, தீப்பெட்டியாபீஸ் போயிட்டு வந்த அலுப்போட உட்கார்ந்திருந்த பொம்பளைங்க எல்லாரும் முந்தானையில கண்ணைத் துடைச்சாங்க.

மெதுவா திரைக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தேன்... ஒரே ஒரு ஆளு! எல்லாப் பாவையையும் அவர்தான் ஆட்டுறார். அத்தனை குரலும் அவரோடது. நல்லதங்காளா அழுதவரே அடுத்த நிமிஷம் உளுவத்தலையனா சிரிக்க வைக்கிறார். கையில ஒரு காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

அவருக்கு நாம வச்ச பேரு 'பொம்மைக்காரன்'.

மாஸ்கோவுல 1931-ல அரசாங்கமே பொம்மை நாடகத்துக்குன்னு ஒரு தியேட்டர் தொடங்கி, செர்கேய் ஒப்ராஸ்த்சோவை இயக்குநரா உட்கார வச்சது. 1992-ல சாகுற வரைக்கும் உலகமே அவரைக் கொண்டாடுச்சு. அதே வேலையை நம்ம பக்கம் நாகர்கோவில் பரமசிவராவ் மாதிரி கலைஞர்கள் பரம்பரையா தோள்ல சுமந்து ஊர் ஊரா போனாங்க. அ.கா. பெருமாள் மாதிரி ஆய்வாளர்கள் எழுதி வச்சதால ஏதோ நாலு பேருக்குத் தெரியுது.

'அழியும் கலையைக் காப்போம்'னு பொன்னாடை போர்த்துறதெல்லாம் இருக்கட்டும். என் கட்சி வேற. அவரை இயக்குநர்னு மரியாதையா கூப்பிடுவோம். பங்குனிப் பொங்கலுக்குக் கச்சேரிக்காரங்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தை அவருக்கும் பேசிக் கொடுப்போம்.

ராத்திரி நம்மளையெல்லாம் அழ வச்ச மனுஷனை, விடிஞ்சதும் அரிசி கேட்டு வாசல்ல நிக்க வச்சது நாமதானே?