வரைபடங்கள் கைமாறட்டும்

லடாக்கில் 2020 மே மாதம் தொடங்கிய இந்திய-சீன மோதல், 2024 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட ரோந்து உடன்பாட்டுக்குப் பிறகு தணிந்தது. டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் இந்திய வீரர்கள் மீண்டும் ரோந்து போகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எல்லைத் தகராறே தீர்ந்துவிட்டதாக எண்ணி டெல்லி ஓய்ந்துவிடக் கூடாது. எதிரெதிரே குவித்த படைகளைக் குறைப்பதுகூடப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்றுதான் விடப்பட்டது. எல்லை எது என்ற மூலக் கேள்வி அப்படியே கிடக்கிறது.

அக்சாய் சின் வழியே சீனா 1957-இல் சாலை போட்டு முடித்தது. அங்கே சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் நிலம் அதன் பிடியில் இருக்கிறது. கிழக்கில், 1914-இல் வரையப்பட்ட மக்மகான் கோட்டை அது ஏற்பதில்லை. 1962 போர் ஒரே மாதத்தில் ஓய்ந்தது. இரு தரப்புப் படைகளையும் பிரிக்கும் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு எங்கே ஓடுகிறது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 1993, 1996 ஒப்பந்தங்கள் அமைதி காக்கச் சொல்லின, கோட்டருகே சுடுவதற்குத் தடை போட்டன. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வானில் துப்பாக்கி வெடிக்கவில்லை. கல்லாலும் ஆணி பதித்த கம்பியாலும் அடித்துக்கொண்டதில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி.

சென்னையை அடுத்த ஆவடிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1961-இல் அங்கே நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையை ஊரார் டேங்க் ஃபேக்டரி என்பார்கள். 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது அங்கிருந்துதான். அடுத்தடுத்து அங்கே உருவான டி-72, டி-90 வகை டாங்கிகள்தான் 2020-இல் லடாக் மலைகளில் ஏற்றி நிறுத்தப்பட்டன. டாங்கி எஞ்சினுக்கும் ஆவடியில் தனித் தொழிற்சாலை உண்டு. சித்திரை வெயிலில் வேர்க்க வேர்க்கப் பூட்டும் எஞ்சின், அந்த உயரத்தில் மைனஸ் 30 பாகைக் குளிரில் உறைந்துவிடாமலிருக்கத் தனிவகை டீசல் வேண்டும். இரவில் எழுந்து எழுந்து ஓட்டி வைக்கவும் வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் எல்லைக்கு இரு நாடும் ஒப்பிய ஒரு வரைபடம் இல்லை என்பது பெருங்குறை.

வலிமை கூடிய பிறகு பேசலாம், இப்போது வரைபடம் கொடுத்தால் உரிமை விட்டுப்போகும் என்பார் உண்டு. வங்கதேசத்துடனான 1974 எல்லை உடன்பாடும் இப்படித்தான் 41 ஆண்டுகள் இழுபட்டது. 2015 ஜூலை 31 நள்ளிரவில், ஒரு நாட்டுக்குள் மற்றதன் நிலமாகக் கிடந்த 162 தனித்திட்டுகள் கைமாறின. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அன்றுதான் ஒரு நாடு உறுதியானது. ரஷ்யாவுடனான தன் நெடிய எல்லையைச் சீனாவே 2008-க்குள் பேசித் தீர்த்திருக்கிறது.

இந்திய-சீன எல்லையின் நடுப்பகுதிக்கான வரைபடங்கள் 2000-இல் பரிமாறப்பட்டன. மேற்குப் பகுதிக்கான முயற்சி 2002-இல் முடங்கியது. எளிதில் கைகூடும் இடங்களில் எல்லையை வரையறுக்க நிபுணர் குழு அமைப்பதென 2025 ஆகஸ்டில் இரு நாட்டுச் சிறப்புப் பிரதிநிதிகளும் ஒப்புக்கொண்டனர். அந்தக் குழுவுக்குக் காலக்கெடு வேண்டும். முடங்கிய மேற்குப் பகுதி வரைபடங்களை அதன் மேசைக்கு டெல்லியே முதலில் கொண்டுவர வேண்டும்.